அந்தப் பிள்ள கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டு வகுப்ப நிறுத்துங்க: எங்க சபைக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

ஆயர் ஐயாவுக்கும் கமிட்டி அண்ணன்மார் அக்காமாருக்கும்,

போன ஞாயித்துக்கிழமை ரெண்டாவது ஆராதனையில செக்ரட்டரி அண்ணன் அறிவிப்பு வாசிச்சாரு. கல்யாண அறிக்கை ரெண்டு, பெண்கள் ஐக்கியக் கூடுகை, அதுக்கடுத்து ஒரே வரி, "வாலிபர் வேத வகுப்பு மறு அறிவிப்பு வரும்வரை நடைபெறாது, உபதேசத்துக்கு மாறான காரியங்கள் போதிக்கப்பட்டதாகக் கமிட்டிக்குத் தெரிய வந்துள்ளது". அதுக்கு அடுத்த வரி அசனத்துக்கு அரிசி குடுத்தவங்க பேரு. நான் நாலாவது பெஞ்சுலதான் உட்காந்திருந்தேன். 22 வருஷமா இந்தச் சபையில பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக் குடுக்குற என்னை ஒரு போன் போட்டு "என்னம்மா நடந்துச்சு"ன்னு யாரும் கேக்கல. சுத்தி இருந்த தலையெல்லாம் என் பக்கம் திரும்பிச்சு, நான் பாட்டுப் புஸ்தகத்தப் பாத்துக்கிட்டே இருந்தேன். தனியா வந்து பேசியிருக்கலாமேன்னு நீங்க கேக்கலாம். நீங்க மைக்குல சொன்னீங்க, அதனால நானும் எல்லாருக்கும் தெரியவே எழுதுறேன்.

நடந்தது இதுதான். பிளஸ் ஒன் படிக்கிற நம்ம சபைப் பிள்ள ஒண்ணுகிட்ட (பேரு இங்க போடல, உங்களுக்குத் தெரியும்), ஸ்கூல்ல மதியம் சாப்பிடும்போது கூட உக்காந்திருந்த முஸ்லிம் தோழி கேட்டிருக்கா, "நாங்களும் ஈசா நபிய மதிக்கிறோம்டி, ஆனா 'நான்தான் கடவுள், என்னை வணங்குங்க'ன்னு அவரே அவர் வாயால எங்கயாச்சும் சொல்லியிருக்காரா, உங்க பைபிள்லயே காட்டு". ஈசா நபின்னு அவங்க சொல்றது நம்ம இயேசுவத்தான். சண்டைக்குக் கேக்கல, ரெண்டு பேரும் ஒரே டிபன் பாக்ஸ்ல சாப்பிடுற பிள்ளைங்க. இவ வீட்டுக்கு வந்து ராத்திரி பதினோரு மணி வரைக்கும் நாலு சுவிசேஷத்தையும் புரட்டியிருக்கா, அந்த வாக்கியம் கிடைக்கல, பயந்துட்டா. ஞாயித்துக்கிழமை என்கிட்ட வந்து "டீச்சர், இல்லையே டீச்சர்"னு சொல்லும்போது அந்த மூஞ்சிய நீங்க பாத்திருக்கணும்.

அந்த எடத்துல நான் என்ன செஞ்சிருக்கணும்னு நினைக்கிறீங்க? "அப்படியெல்லாம் கேக்கக் கூடாது, சந்தேகம் பிசாசோடது"ன்னு சொல்லி ஜெபம் பண்ணி அனுப்பியிருக்கணுமா? எனக்கு மனசு வரல. "வா, எல்லாருமா சேந்து தேடுவோம்"னு சொன்னேன்.

நாலு வாரம் மாற்கு மட்டும்தான் வாசிச்சோம். ஏன் மாற்குன்னா நாலுலயும் முந்தி எழுதுனது அதுதான்னு பெரும்பாலான வேத அறிஞருங்க சொல்றாங்க, ஏறக்குறைய கி.பி. 70 வாக்குல, யோவான் அதுக்கும் இருபது முப்பது வருஷம் கழிச்சி. மூணு கலர் பென்சில், இயேசு தன்னைப் பத்தி தானே சொன்னா சிவப்பு, மத்தவங்க அவரைப் பத்திச் சொன்னா நீலம், அவரு செஞ்ச காரியம் பச்சை. முதல் ரெண்டு வாரத்துலயே நீலப் பென்சில் குட்டையாப் போச்சு. "தேவனுடைய குமாரன்"னு கத்துறது பிசாசு, வானத்துல இருந்து சத்தம் வருது, கடைசியில சிலுவைகிட்ட நிக்கிற ரோமச் சிப்பாய்த் தலைவன் சொல்றான். அவரோ சுகமானவங்களப் பாத்து யார்கிட்டயும் சொல்லாதேங்கிறாரு, பேதுரு "நீர் கிறிஸ்து"ன்னு சொன்ன உடனே அதை ஒருத்தருக்கும் சொல்லாதபடி உறுதியாக் கட்டளையிடுறாரு. ஒரு பையன் கேட்டான், "டீச்சர், எல்லார்கிட்டயும் சொல்லாதே சொல்லாதேன்னா அப்புறம் யாருக்குத்தான் தெரியும்?" இதையே 1901ல வில்லியம் வ்ரேடேன்னு ஒரு ஜெர்மன்காரர் பெரிய ஆராய்ச்சியாவே எழுதினாரு, நம்ம பையன் பென்சில வாயில வச்சிக்கிட்டே கேட்டுட்டான்.

அப்புறம் பத்தாம் அதிகாரம் வந்துச்சு. "நீ என்னை நல்லவன் என்று சொல்வானேன்? தேவன் ஒருவர் தவிர நல்லவன் ஒருவனும் இல்லையே." பதிமூணுல, அந்த நாளும் நாழிகையும் பிதாவுக்குத் தவிர யாருக்கும் தெரியாது, குமாரனும் அறியார்னு அவரே சொல்றாரு. இதெல்லாம் நான் எழுதிச் சேத்தது இல்ல அண்ணன்மாரே, உங்க வீட்டுப் பெரிய எழுத்து பைபிள்லயும் இருக்கு.

நான் பள்ளிக்கூடத்துல தமிழ் வாத்தியார், அதனால மொழி கண்ணுல பட்டுடும். கிரேக்கத்துல "கூரியே"ன்னு ஒரே சொல்லுதான், ஆண்டவரேன்னும் அர்த்தம், சும்மா ஐயான்னும் அர்த்தம். யோவான் நாலுல கிணத்தடியில முன்பின் தெரியாத ஒரு யூதன் தண்ணி கேக்குறாரு, அந்தச் சமாரியப் பொம்பள "ஆண்டவரே, மொண்டுகொள்ள உம்மிடத்தில் பாத்திரமில்லையே"ன்னு சொல்றா. யாருன்னே தெரியாதவர எந்தப் பொம்பள ஆண்டவரேம்பா? அதே சொல்ல மகதலேனா மரியாள் கல்லறைகிட்ட சொல்லும்போது, அவரத் தோட்டக்காரன்னு நினைச்சிக்கிட்டதால, நம்ம பழைய மொழிபெயர்ப்பு "ஐயா"ன்னு போடுது. 1995ல வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்துல கிணத்தடியிலயும் "ஐயா"தான். இதுல தப்பு சொல்ல நான் வரல, மொழிபெயர்த்த பெரியவங்க பக்தியோட செஞ்சாங்க. இயேசு "சொன்னார்", பேதுரு "சொன்னான்", கிரேக்கத்துல ரெண்டுக்கும் ஒரே வினைமுற்றுதான், தமிழ்ல அந்த ஒரு "ஆர்" விகுதியிலயே பாதி உபதேசம் முடிஞ்சிருது. அதனாலதான் சின்ன வயசுல இருந்து தமிழ்ல வாசிக்கிற நமக்கு இந்தக் கேள்வி எழும்புறதே இல்ல. அந்தப் பிள்ளைக்கு எழும்பிச்சு, அவ்வளவுதான்.

இன்னொண்ணும் காட்டினேன், அதுவும் புகார்ல வந்திருக்குன்னு கேள்விப்பட்டேன். வரி குடுக்கலாமான்னு கேக்கும்போது "ஒரு பணத்தை என்னிடத்தில் கொண்டுவாருங்கள்"னு சொன்னாரே, அந்தக் காசு திபேரியுராயனோட வெள்ளிக்காசுன்னுதான் பொதுவா சொல்றாங்க. அதோட படத்த பிரிண்ட் எடுத்துக் குடுத்தேன். தலையச் சுத்தி லத்தீன்ல எழுதியிருக்கு, "திபேரியு சீசர் அகுஸ்து, தெய்வமான அகுஸ்துவின் குமாரன்"னு. நம்ம கோயம்புத்தூர் கரூர் பக்கம் புதையலாக் கிடைச்ச ரோமக் காசுல பெரும்பாலும் இந்த அகுஸ்து, திபேரியு காசுங்கதான், அதச் சொன்னதும் பிள்ளைங்க "நம்ம ஊருக்கே வந்துச்சா"ன்னு வாயப் பொளந்தாங்க. நான் சொல்ல வந்தது, அந்தக் காலத்துல "தேவ குமாரன்"னு சொன்னா ரோமன் காதுல ராஜான்னு விழும், யூதன் காதுலயும் ரெண்டாம் சங்கீதம் மாதிரி தேவன் அபிஷேகம் பண்ணின ராஜான்னு விழும், நேரா "நான் சிருஷ்டிகர்"ங்கிற அர்த்தம் வராது. அதுக்கு "சீசரையும் இயேசுவையும் ஒண்ணாக்கிட்டா"ன்னு புகார்! சீசரோட பட்டத்துக்கு எதிரா நின்னதாலதான அந்தப் பேருக்கு அவ்வளவு சூடு? சரி, விடுங்க.

இப்ப புகார் குடுத்தவங்க சொல்லாம விட்ட பாதிக்கு வர்றேன்.

பச்சைப் பென்சில். ரெண்டாம் அதிகாரம், கப்பர்நகூம், கூரையப் பிரிச்சி ஒரு திமிர்வாதக்காரன இறக்குறாங்க. "உன் பாவங்கள் உனக்கு மன்னிக்கப்பட்டது"ன்னு சொல்றாரு. இது செயப்பாட்டு வினை, ஆசாரியன்கூட இப்படிச் சொல்லலாம், மன்னிச்சவர் தேவன்னு அர்த்தம் எடுக்கலாம்னு நானே சொன்னேன். ஆனா அதோட நிக்கலையே, வேதபாரகர் மனசுக்குள்ள தூஷணம், அதாவது தேவனைப் பழிக்கிற பேச்சுன்னு நினைக்கும்போது "ஐயோ நான் அப்படிச் சொல்லல"ன்னு விளக்காம, மனுஷகுமாரனுக்கு பூமியில பாவத்த மன்னிக்க அதிகாரம் உண்டுன்னு தன் பேர்லயே எடுத்துக்கிறாரு. மாற்கு முடிச்சதும் மலைப்பிரசங்கத்தையும் எடுத்து வாசிச்சோம். தீர்க்கதரிசிங்க எல்லாம் "கர்த்தர் சொல்லுகிறது என்னவென்றால்"னு ஆரம்பிப்பாங்க, இவரு ஒருத்தர்தான் "நானோ உங்களுக்குச் சொல்லுகிறேன்"ங்கிறாரு, யாரு பேரையும் துணைக்கு இழுக்காம. அதுவும் மோசே குடுத்த கட்டளைய வச்சிக்கிட்டு.

அப்புறம் அந்த ராத்திரி விசாரணை. பிரதான ஆசாரியன் கேக்குறான், நீ கிறிஸ்துதானான்னு. "நான் அவர்தான்"னு சொல்லிட்டு, மனுஷகுமாரன் வல்லமையோட வலது பக்கம் உக்காந்து மேகத்து மேல வர்றதப் பாப்பீங்கன்னு தானியேல் ஏழையும் 110ம் சங்கீதத்தையும் சேத்துக் கட்டுறாரு. அவன் உடுப்பக் கிழிச்சிக்கிட்டான். நான் பிள்ளைங்ககிட்ட கேட்டேன், நான் மேசியான்னு சொன்னா அது தூஷணமா? 132ல ரோமருக்கு எதிரா கலகம் பண்ணின பார் கோக்பான்னு ஒருத்தர, ரபி அகிபாங்கிற பெரிய யூத போதகர் மேசியான்னு ஏத்துக்கிட்டாரு, யாரும் தூஷணம்னு துணியக் கிழிக்கல. அப்ப இங்க கிழிஞ்சதுக்கு என்ன காரணம்? கிளாஸ்ல சத்தமே இல்ல. அந்தப் பிள்ளதான் மெதுவாச் சொன்னா, "தேவன் பக்கத்துல உக்காருவேன்னு சொன்னதுக்கு டீச்சர்". நான் சொல்லிக் குடுக்கல, அவளே கண்டுபிடிச்சா. இதுவா உபதேசத்துக்கு மாறானது?

யோவானையும் மறைக்கல. "ஆபிரகாம் உண்டாகிறதற்கு முன்னமே நான் இருக்கிறேன்", உடனே கல்ல எடுக்குறாங்க. "நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்", திரும்பவும் கல்லு. அதே யோவான்லதான் "என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்"னும் இருக்கு, கல்லெடுத்தவங்ககிட்ட "தேவர்களாயிருக்கிறீர்கள்னு உங்க வேதத்துலயே எழுதியில்லையா"ன்னு 82ம் சங்கீதத்தக் காட்டி அவரு மடக்குறதும் இருக்கு. எட்டாம் அதிகாரத்து "நான் இருக்கிறேன்" கிரேக்கத்துல "எகோ எய்மி", ஒன்பதாம் அதிகாரத்துல கண் திறந்த பிச்சைக்காரன் "நான்தான் அவன்"னு சொல்றதும் அதே "எகோ எய்மி"தான், அவன யாரும் கல்லெறியல. அப்ப சொல்லு மட்டும் முக்கியமில்ல, ஆபிரகாமுக்கு முன்னாடிங்கிற அந்த எடம்தான் முக்கியம்னு சொல்லிக் குடுத்தேன். யோவான் எழுதினது இயேசுவோட வார்த்தை அப்படியேவா, இல்ல அறுபது வருஷம் தியானிச்ச சபையோட குரலாங்கிறதுல அறிஞருங்களுக்குள்ள ஒத்துமை இல்லைன்னும் சொன்னேன். பார்ட் எர்மன் மாதிரி ஆளுங்க, உயிரோட இருக்கும்போது அவரு தன்னைக் கடவுள்னு சொல்லலங்கிறாங்க. லேரி ஹர்ட்டாடோ மாதிரி ஆளுங்க, அது எப்படியோ, சிலுவைக்கப்புறம் ரொம்பச் சீக்கிரமே, அதுவும் "கர்த்தர் ஒருவரே"ன்னு தினம் சொல்ற யூதருங்களே அவரைத் தொழ ஆரம்பிச்சிட்டாங்கன்னு காட்டுறாங்க. பிலிப்பியர் ரெண்டாம் அதிகாரத்துப் பாட்டு, "தேவனுடைய ரூபமாயிருந்தும்"ங்கிறது, மாற்குக்கும் முந்தி எழுதின நிருபத்துல இருக்கு. இத்தனையும் சொன்னேன். சொன்னதுல எது பொய்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, நான் திருத்திக்கிறேன்.

உங்க பக்கத்து வாதத்தையும் கேட்டேன், நேரா இல்ல, வழியில நின்னு பேசுறவங்க மூலமா. ஒரு கமிட்டி அண்ணன் சொன்னாராம், "பைத்தியக்காரன், பொய்யன், இல்லைன்னா ஆண்டவர், மூணுல ஒண்ணு, முடிஞ்சுது". அது சி.எஸ். லூயிஸ்ங்கிற எழுத்தாளர் ரெண்டாம் உலகப்போர் நேரத்துல பிபிசி ரேடியோவுல பேசிப் பிரபலமாக்கின வாதம் அண்ணே, எனக்கும் பிடிக்கும். ஆனா அந்த மூணும் "அவரு அப்படிச் சொன்னாரு"ங்கிறத ஒத்துக்கிட்டதுக்கு அப்புறம்தான் நிக்கும். பிள்ள கேட்டதே அதத்தான? அஸ்திவாரத்தப் பத்திக் கேட்டவளுக்கு மொட்ட மாடியக் காட்டுறீங்க. இன்னொருத்தர் 1 யோவான் 5:7 சொன்னாராம், "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர்"னு. தயவுசெஞ்சி அதப் பிள்ளைங்க முன்னாடி சொல்லிடாதீங்க. பழைய கிரேக்கக் கைப்பிரதிகள்ல அந்த வரி கிடையாது, எராஸ்மஸ்ங்கிற அறிஞர் 1516ல அச்சடிச்ச கிரேக்கப் புதிய ஏற்பாட்டுல அது இல்ல, எதிர்ப்பு வந்தப்புறம் 1522ல சேத்தாரு, திருவிவிலியத்துலயும் இல்ல. பிள்ளைங்க கையில போன் இருக்கு, ரெண்டு நிமிஷத்துல கண்டுபிடிச்சிருவாங்க, அப்புறம் நாம சொல்ற உண்மையையும் நம்ப மாட்டாங்க.

என் பக்கம் தப்பே இல்லன்னு சொல்லல. நகல் எடுத்துக் குடுத்த தாளுக்குத் தலைப்பு "இயேசு தன்னை தேவன் என்று சொன்னாரா?"ன்னு மொட்டையாப் போட்டேன். யாரோ போட்டோ எடுத்து சபை வாட்ஸ்அப் குரூப்புல போட்டுட்டாங்க, பின்பக்கத்துல இருந்தது யாருக்கும் தெரியல. முதல்லயே ஐயாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். அது என் கவனக்குறைவு, மன்னிப்புக் கேக்குறேன். அதுக்குன்னு 23 பிள்ளைங்க வகுப்ப நிறுத்துறதா? போன வருஷம் இதே வகுப்புக்கு ஆறு பேர்தான் வருவாங்க, அதுல ரெண்டு பேரு அம்மா அடிச்சி அனுப்புறது.

என் விசுவாசத்தப் பத்தியும் பேசுறாங்களாமே. நான் ஞாயித்துக்கிழமை தோறும் நிசேயா விசுவாசப் பிரமாணத்த முழுச் சத்தத்தோட சொல்றவ. "நான் தேவன்"ங்கிற அந்த ரெண்டு சொல் வாக்கியத்த அவரு சொன்னதா சுவிசேஷத்துல இல்ல, ஆனா தேவன் மட்டும் நிக்கக்கூடிய எடத்துல அவரு போய் நின்னாருன்னு நான் நம்புறேன். அந்தப் பிரமாணம் எப்படி வந்துச்சு? குமாரனும் படைக்கப்பட்டவர்தான்னு சொன்ன ஆரியுன்னு ஒருத்தர் எழுப்பின சண்டையில 325ல நிசேயாவுல மேற்றிராணிமார் கூடிப் பேசி எழுதினது, எழுதினதுக்கப்புறமும் அரை நூற்றாண்டு சண்டை ஓயல, அதுக்காக நின்ன அத்தனாசியு அஞ்சு தடவ நாடு கடத்தப்பட்டாரு. மெய்யான தேவனும் மெய்யான மனுஷனும்னு கல்கெதோன் சங்கத்துல வார்த்தைய வகுத்து முடிக்க 451 ஆயிருச்சு. இத்தனை பெரிய தலைங்க நூறு வருஷத்துக்கு மேல மல்லுக்கட்டின கேள்விய பதினாறு வயசுப் பிள்ள நாலு வாரம் கேட்டதுக்கு நமக்குப் பொறுக்கல.

இதெல்லாத்தையும்விட என்னால தாங்க முடியாதது, அந்தப் பிள்ள பேர திடப்படுத்தல் (பிள்ளைங்க சபைக்கு முன்னால தங்க விசுவாசத்த உறுதிப்படுத்துற சடங்கு) லிஸ்ட்ல இருந்து எடுத்ததுதான். "இன்னும் விசுவாசத்துல உறுதியாகட்டும்"னு அவ அம்மாகிட்ட சொல்லியிருக்கீங்க. அந்த அம்மா ராத்திரி எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு, உள்ளகூட வராம, "வெள்ளைச் சேலைக்கு அட்வான்ஸ் குடுத்துட்டேன் டீச்சர், அவ அப்பாகிட்ட என்னன்னு சொல்வேன்"னு அழுதாங்க. பிள்ளையோ அழல. போன்ல யூடியூப் பாத்துக்கிட்டு இருக்கா, ரெண்டு பக்கத்து ஆளுங்களும் மேடை போட்டு ஒருத்தர ஒருத்தர் மட்டம் தட்டுற விவாத வீடியோ, மணிக்கணக்கா. நாம பேச மாட்டோம்னுட்டோம், பேசுறவங்ககிட்ட போயிட்டா. தோமா சந்தேகப்பட்டப்போ ஆண்டவர் கதவப் பூட்டல, பூட்டின கதவுக்குள்ள வந்து கையக் காட்டினாரு. அதுக்கப்புறம்தான் "என் ஆண்டவரே! என் தேவனே!"ன்னு ஒரு வாயில இருந்து வந்துச்சு.

நான் கேக்குறது இதுதான். முதல்ல அந்தப் பிள்ள பேர திடப்படுத்தல் லிஸ்ட்ல திரும்பச் சேருங்க, வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள, அவ அம்மாகிட்ட ஐயாவே நேர்ல போய்ச் சொல்லணும், ஆள்விட்டுச் சொல்லக் கூடாது. அடுத்தது, "உபதேசத்துக்கு மாறான காரியங்கள்"னு மைக்குல வாசிச்சத அதே மைக்குல வாபஸ் வாங்குங்க, இல்ல எந்தக் காரியம் மாறானதுன்னு வசனத்தோட எழுதி எனக்குக் குடுங்க. வகுப்பத் திரும்பத் தொடங்குங்க. நான் நடத்தக் கூடாதுன்னா பரவாயில்ல, ஒதுங்கிக்கிறேன், ஆனா யாரு நடத்தினாலும் கேள்வி கேக்கலாம்னு முதல் நாளே பிள்ளைங்ககிட்ட சொல்லணும். ஐயா, நீங்க இறையியல் கல்லூரியில இதையெல்லாம் என்னைவிட நல்லாப் படிச்சவங்க, எனக்குத் தெரியும். ஒரே ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ரெண்டு மணிநேரம் ஒதுக்கி மாற்கு 2, 10, 14, யோவான் 8, 10 எடுத்து வச்சி நீங்களே பிள்ளைங்களோட உக்காருங்க. அந்த முஸ்லிம் தோழி வர்றேன்னு சொன்னா அவளுக்கும் ஒரு நாற்காலி போடுங்க. இனிமே ஒரு டீச்சர் மேல புகார் வந்தா, அறிவிப்பு எழுதுறதுக்கு முன்னாடி அவங்களக் கூப்பிட்டுக் கேக்கணும்னு கமிட்டி மினிட்ஸ்ல எழுதுங்க.

வியாழக்கிழமை கமிட்டி கூடுதுன்னு தெரியும். ஏழு மணிக்கு நான் மிஷன் ஹால் வராந்தாவுல இருப்பேன், பிள்ளைங்களோட மூணு கலர் நோட்டையும் கொண்டு வர்றேன். கூப்பிட்டா உள்ள வர்றேன்.

இப்படிக்கு,
நிறுத்தப்பட்ட வகுப்போட டீச்சர்